பழைய டர்ன்டேபிளுக்கு அப்கிரேட் வேண்டாம், முதலில் சர்வீஸ்!

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் மெதுவாகிவிட்டதா? இன்னும் கொஞ்சம் ராம் போடு. கேம் தடுமாறுகிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்று. இதில் தவறு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் இதே மனநிலையோடு பழைய, உயர்தர ரெக்கார்டு பிளேயர் ஒன்றைத் தொட்டால், இனி தயாரிக்கப்படவே போகாத நல்ல இயந்திரம் ஒன்று கெட்டுப் போகும். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கம்ப்யூட்டர் இதழில் ரெக்கார்டு பிளேயருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. வீட்டில் இருக்கும் எல்.பி. தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி பைலாக மாற்றும் வேலையில் பலர் இறங்கியிருக்கிறார்கள். பைல் ஆனதும் தட்டு மீண்டும் பரணுக்குப் போகிறது. சில வீடுகளில் பழைய பேப்பர்காரரிடமே போய்விடுகிறது. அதன் பிறகு அந்தக் கச்சேரிக்கு அந்த வீட்டில் மிஞ்சுவது அந்த பைல் மட்டும்தான். பிளேயர் ஒரு சதவீதம் மெதுவாக ஓடியிருந்தால், வித்வானின் சுருதி பேரன் பேத்தி காலம் வரை இறங்கியே இருக்கும். இரண்டாவது காரணம், பழைய டர்ன்டேபிள் ஒன்றைச் சோதித்துப் பார்க்க மிகச் சிறந்த கருவி உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர்தான்.

"எல்லாவற்றையும் சாப்ட்வேரில் சரி செய்து கொள்ளலாமே" என்பார்கள். எல்லாவற்றையும் முடியாது. வேகம் ஒரே சீராகக் குறைந்திருந்தால், ஆடியோ எடிட்டரில் ஒரு எண்ணைக் கொடுத்துச் சரி செய்துவிடலாம். வேகம் ஏறி இறங்கி அலைந்தால் அது பெரிய தலைவலி. மோட்டாரின் உறுமல் மிருதங்கத்தின் தொப்பி ஒலியோடு கலந்துவிட்டால், ஒன்றை வெட்டும்போது மற்றதும் சேர்ந்தே போகும்.

பொதுவாகப் பேசிக் கொண்டிருப்பதைவிட ஒரு இயந்திரத்தை எடுத்துக் கொள்வோம். நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் தோரன்ஸ் டிடி 124-ஐப் பற்றியே சொல்கிறேன்.

தோரன்ஸ் சுவிட்சர்லாந்தின் செயின்ட் குவா ஊரில் 1883-ல் இசைப் பெட்டி செய்யத் தொடங்கிய நிறுவனம். டிடி 124 மாடல் 1957-ல் வந்தது. 1960களின் இறுதியில் அதன் தயாரிப்பு நின்றது. அந்தக் காலத்தில் உயர்தர டர்ன்டேபிள்கள் பெரும்பாலும் ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் வீல் மூலம் தட்டைச் சுழற்றின. 1954-ல் வந்த இங்கிலாந்தின் காரார்டு 301 அப்படிப்பட்டதுதான். ஐட்லருக்கு இழுவை அதிகம். ஆனால் மோட்டாரின் அதிர்வை அப்படியே தட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். தோரன்ஸ் எஞ்சினியர்கள் மோட்டாருக்கும் ஐட்லருக்கும் நடுவில் ஒரு பெல்ட்டைப் போட்டார்கள். மோட்டார் பெல்ட்டைச் சுற்றும். பெல்ட் படிப்படியாக வெட்டிய ஒரு புல்லியைச் சுற்றும். புல்லி ஐட்லரையும், ஐட்லர் சுமார் 4.5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புத் தட்டையும் சுற்றும். அதிர்வில் பெரும் பகுதியைப் பெல்ட் விழுங்கிவிடும்.

அந்த இரும்புத் தட்டின் மேல் மெல்லிய அலுமினியத் தட்டு இன்னொன்று உண்டு. சிறிய நெம்புகோலைத் தள்ளினால் மேல் தட்டு மட்டும் தூக்கிக் கொண்டு நிற்கும். கீழே இரும்புத் தட்டு ஓடிக் கொண்டே இருக்கும். ரேடியோ நிலையங்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். 16, 33, 45, 78 என்று நான்கு வேகங்கள். ஒரு காந்த பிரேக்கைத் திருகி வேகத்தைச் சுமார் 3 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். வேகத்தைக் காட்ட உள்ளேயே ஒரு நியான் விளக்கு, ஸ்ட்ரோபோஸ்கோப் கோடுகள், அவற்றைப் பிரதிபலிக்கும் கண்ணாடி. மட்டம் பார்க்க மேலேயே ஒரு ரசமட்டம். எல்லாம் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. கழற்றலாம், துடைக்கலாம், மீண்டும் பூட்டலாம். ஆறேழு ஆண்டுகளிலேயே பேட்டரியைக்கூட மாற்ற முடியாமல் தூக்கி எறியும் கருவிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயமாகத் தெரியும்.

இதில் என்னதான் கெடும்? அதிகமில்லை. மோட்டாரின் பேரிங்குகள் எண்ணெய் ஊறிய வெண்கலத்தால் ஆனவை. அந்த எண்ணெய் இத்தனை ஆண்டுகளில் காய்ந்து பிசினாகி இருக்கும். ஐட்லரின் ரப்பர் இறுகிப் பளபளப்பாகிவிடும். பெல்ட் தளரும். தட்டின் மையத் தண்டைக் கீழே தாங்கும் சிறு நைலான் வட்டில் குழி விழும். சேசிஸைத் தாங்கும் காளான் வடிவ ரப்பர்கள் கல்லாகும். கடைசியாக, சுவிட்சில் பொறி பறக்காமல் இருக்க வைத்த கெப்பாசிட்டர் வயதாகி எந்த நாளும் வெடிக்கலாம். எல்லாமே சின்னச் சின்னப் பொருட்கள். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினாலும் ஒரு நல்ல கார்ட்ரிட்ஜின் விலையை எட்டாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டவர்கள் உண்டு. மார்கழி மாதக் குளிரில் அது உறையும். நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அடிக்கும் ஸ்பிரேயும் கூடாது. அது உள்ளே இருக்கும் நல்ல எண்ணெயையும் கழுவிக் கொண்டு போய்விடும். மெல்லிய, பிசின் கட்டாத மினரல் எண்ணெய் சில சொட்டுகள் போதும். திறப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, உள்ளே மின் முனைகள் திறந்தே இருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் இயந்திரத்தை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, வேகத்தைச் சரி செய்து, அதன் பிறகு ஒரு தட்டைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்தில் நின்றுவிடலாம். ஆனால் அவர்கள் நிற்பதில்லை.

விற்பவர்கள் நிற்க விடுவதில்லை என்பதுதான் சரி. கருங்கல் பலகை, பல அடுக்கு பிளைவுட் அடித்தளம், புதிய பேரிங், செம்பில் செய்த மேட், கை தடிமனில் பவர் கேபிள், தனியாக ஒரு மின்சாரப் பெட்டி என்று பட்டியல் நீள்கிறது. இவை எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எது யாருக்குத் தேவை என்று அளந்து பார்க்காமல் வாங்குகிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறேன். அளக்கும் கருவி வீட்டிலேயே இருக்கிறது.

அளப்பது எப்படி?

3,150 அல்லது 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிவான டெஸ்ட் ரெக்கார்டு ஒன்று வேண்டும். பிளேயரிலிருந்து போனோ பிரீஆம்ப், அங்கிருந்து சவுண்ட் கார்டின் லைன் இன். மைக் துளையில் செருகாதீர்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் அது மட்டும்தான் இருக்கும், அதுவும் மோனோவாக. அப்படியானால் லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ கருவி ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் 44,100 ஹெர்ட்ஸ் வேகத்தில் பதிவு செய்து, பிளாட் ஸ்பெக்ட்ரம் கட்டளையில் அளவை 65536 என்று கொடுங்கள். உச்சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 3,150-க்குப் பதில் 3,118 என்று காட்டினால் உங்கள் பிளேயர் ஒரு சதவீதம் மெதுவாக ஓடுகிறது. இந்த முறையில் 0.02 சதவீதம் வரை பிரித்துப் பார்க்கலாம்.

பிளேயரிலேயே ஸ்ட்ரோபோஸ்கோப் இருக்கிறதே, அது போதாதா? முக்கால்வாசி போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். 33⅓ வேகத்தில் 180 கோடுகள் அசையாமல் நிற்கும். ஆனால் விளக்கும் மோட்டாரும் குடிப்பது ஒரே மின்சாரத்தை. மின்சாரத்தின் அலைவரிசை இறங்கினால் மோட்டாரும் இறங்கும், விளக்கின் மின்னலும் கூடவே இறங்கும். கோடுகள் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். சவுண்ட் கார்டில் இருக்கும் படிகக் கடிகாரம் சுவர் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அதன் சாட்சியம் தனியானது.

இங்கேதான் விலை உயர்ந்த மின்சாரப் பெட்டியின் கதை வெளிப்படுகிறது. நம் நாட்டு மின் தொகுப்பில் அலைவரிசைக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. கீழ் எல்லைக்கே போனாலும் பிழை 0.2 சதவீதம்தான். ஒரு அரை ஸ்வரம் என்பது சுமார் 6 சதவீதம். அதில் முப்பதில் ஒரு பங்கு. இதற்காகப் பெட்டி வாங்குவது வீண் செலவு. வோல்டேஜ் விழுந்து எழும் தெருவில் இருப்பவர்கள் விஷயம் வேறு. இந்த மோட்டார் இண்டக்‌ஷன் வகை என்பதால் வோல்டேஜ் குறைந்தால் சற்றே வழுக்கும். அவர்களுக்குப் பெட்டி பயன்படும். மின்வெட்டு நேரத்தில் சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் இதை ஓட்டாதீர்கள். மோட்டார் முனகும், சூடாகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்து கொடுத்த பிளேயராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது 60 ஹெர்ட்ஸுக்கான புல்லியோடு வந்திருக்கும். இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33⅓ என்பது சுமார் 28 ஆகிவிடும். எந்த மேட்டும் எந்தக் கேபிளும் இதற்கு உதவாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி ஒன்றை மாற்றி, மோட்டாரின் வோல்டேஜ் இணைப்பையும் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினால் தீர்ந்தது.

அடுத்தது அலைவு. வாவ், பிளட்டர் இரண்டையும் அளந்து காட்டும் இலவச சாப்ட்வேர்கள் கிடைக்கின்றன. அவை காட்டும் மொத்த எண்ணைவிட அலைவின் இடைவெளியைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அலைவு சரியாக 1.8 விநாடிக்கு ஒரு முறை வந்தால், பெரும்பாலும் குற்றவாளி தட்டின் துளை. மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகிய துளை, 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு சதவீதம் மேலும் கீழும் அலைய வைக்கும். சந்தேகமாக இருந்தால் பிளேயரின் தட்டில் ஒரு அடையாளம் வைத்து, ரெக்கார்டைப் பாதிச் சுற்று திருப்பிப் போட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். அலைவின் உச்சி ரெக்கார்டோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை ரெக்கார்டில் இருக்கிறது. அடையாளத்தோடு நின்றால் பிளேயரில். ஒரு சுற்றுக்குள் பல முறை அலைந்தால் ஐட்லரைக் கழற்றிப் பாருங்கள், ரப்பரில் எங்காவது தட்டையாகி இருக்கும்.

இந்த அலைவைக் காதால் கண்டுபிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் பியானோவைக் கேட்கிறார்கள். நமக்கு அதைவிட நல்ல சோதனை தம்புரா. இடைவிடாமல் ஒரே சுருதியில் நிற்கும் ஒலி அது, 0.2 சதவீதம் அலைந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுவிட்டு "பிரமாதம்" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

உறுமலுக்கு, ரெக்கார்டில் பாட்டு இல்லாத வெற்றுப் பள்ளத்தைப் பதிவு செய்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாருங்கள். 50, 100 ஹெர்ட்ஸில் முனை நிமிர்ந்தால் அது மின்சார இரைச்சல். எர்த் வயரைச் சரி பாருங்கள். 25-க்குச் சற்றுக் கீழே நிமிர்ந்தால் அது மோட்டார். நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுவதால் அங்கேதான் வரும். 8 முதல் 12 வரை ஒரு மேடு தெரிந்தால் அது ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் இயல்பான அதிர்வு, விட்டுவிடலாம். கருங்கல் பலகை வாங்கத் துடிக்கும் நண்பருக்கு இந்த வரைபடத்தைக் காட்டுங்கள். அவருடைய முனை 50-ல் இருந்தால் கல் எதற்கு?

மாற்றியே ஆக வேண்டியவை

எதையும் மாற்றக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. 1957-ல் வந்த கெப்பாசிட்டர் அப்படியே இருக்க வேண்டும், பழைய கிரீஸ்கூட அசலாக இருக்க வேண்டும் என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதானால் சரி. ஓட்டுவதானால், உலர்ந்த பேரிங்கில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் தண்டைத் தேய்க்கிறது. அவர்களோடும் நான் ஒத்துப் போவதில்லை.

சில மாற்றங்களுக்கு நியாயமான காரணம் உண்டு. வலுவான காந்தம் உள்ள மூவிங் காயில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால், வார்ப்பிரும்புத் தட்டு அதைக் கீழே இழுக்கும். ஊசி நீங்கள் வைத்ததைவிட அதிக எடையோடு ரெக்கார்டை உழும். பிந்தைய மார்க் 2 மாடலில் காந்தம் ஈர்க்காத தட்டும் வந்தது. உங்களுக்கு இது தேவையா என்பதை டிஜிட்டல் எடைக் கருவியால் பார்த்துவிடலாம். கருவியைத் தட்டின் மேல் வைத்து ஒரு முறையும், இரும்புத் தட்டைக் கழற்றிவிட்டு அதே உயரத்தில் வேறொன்றின் மேல் வைத்து ஒரு முறையும் எடை பாருங்கள். எண் மாறினால் தட்டு இழுக்கிறது. எடைக் கருவியே இரும்பில் செய்ததாக இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அதையும் கவனியுங்கள்.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் அப்கிரேட் என்ற சொல்லை வேறு விதமாகக் காட்டியது. எல்பி12 என்ற அதன் டர்ன்டேபிள் 1973-ல் வந்தது. 1993-ல் சிர்கஸ் என்ற புதிய பேரிங், 2020-ல் கரௌசல் என்ற அடுத்த பேரிங். இரண்டையும் பழைய எல்பி12-ல் பொருத்திக் கொள்ளலாம். 1993-ல் வாங்கிய மதர்போர்டில் இன்றைய பிராசசரைச் செருக முடியுமா? இப்படிச் செய்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தப் பாகங்களை வடிவமைத்தவர்கள் இயந்திரத்தைச் செய்தவர்களேதான். டிடி 124-க்கு இன்று புதிய பாகம் செய்பவர்களில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். சேசிஸில் துளை போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். துளை போடச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கழற்றிய அசல் பாகம் எதுவாக இருந்தாலும், மரத்துப் போன ரப்பர்கூட, ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம் எடுத்துத் தேதி வாரியாக ஒரு போல்டரில் போட்டு வைப்பது என் வழக்கம்.

பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு விஷயம். கார்ட்ரிட்ஜை நேராகப் பொருத்த உதவும் அளவுத் தாள்கள் பி.டி.எப். பைலாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற வசதி பெரும்பாலும் தானாகவே தேர்வாகி இருக்கும். தாள் சில சதவீதம் சுருங்கிவிடும். 100 சதவீதம் என்று மாற்றிக் கொள்ளுங்கள். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வழக்கமான தாளில் இரண்டு புள்ளிகளும் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் இருக்க வேண்டும்.

78 தட்டுகளையும் ஏற்றுவதாக இருந்தால் ஊசியை மாற்றுங்கள். எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். பழைய 78 தட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் பதிவானவை அல்ல; காந்த பிரேக்கைத் திருகி சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து வையுங்கள். பதிவை முதலில் வேவ் பைலாக வைத்துக் கொண்டு, எம்பி3-ஐ அதிலிருந்து எடுங்கள். வேலை முடிந்து எழும்போது கைப்பிடியை மறக்காமல் ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள். ஐட்லர் தட்டை விட்டு விலகி நிற்கும், இரவெல்லாம் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழாது.